விளக்கு எரிகிறது, ஹார்ட் டிஸ்க் மட்டும் திறக்கவில்லை

நங்கநல்லூரிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

"என்னிடம் 2017-ல் வாங்கிய 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. வீட்டுக்காரரின் மணிவிழா வீடியோ, பேத்தியின் படங்கள், வீட்டுப் பத்திரங்களின் ஸ்கேன் எல்லாம் அதில்தான், வேறு எங்கும் இல்லை. பொங்கலுக்கு வந்த மகள் தன்னுடைய மேக்புக்கில் சொருகிப் படங்களை ஏற்றினாள். கோவை எக்ஸ்பிரஸுக்கு நேரமாகிவிட்டதென்று அப்படியே பிடுங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து என் விண்டோஸ் லேப்டாப்பில் சொருகினால் 'டுடுங்' என்று சத்தம் வருகிறது, விளக்கும் மினுக்குகிறது, டிஸ்க் மட்டும் திறப்பதில்லை. ஒருமுறை ஃபார்மட் செய்யவா என்று கேட்டது, பயந்து கேன்சல் கொடுத்தேன். தெருமுனைக் கடையில் ஃபார்மட் செய்துவிட்டு ரெக்கவரி போட்டுத் தருகிறோம், 9,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். கீழ் வீட்டுப் பையன் செக்டிஸ்க் போடச் சொல்கிறான். நாத்தனார் மகனோ ஃப்ரீஸரில் ஒரு ராத்திரி வைத்தால் சரியாகிவிடும் என்று வீடியோ அனுப்பியிருக்கிறான். யார் சொல்வதைக் கேட்பது?"

வணக்கம் டீச்சர். இப்போதைக்கு மூன்று பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பயந்து கேன்சல் கொடுத்தீர்களே, அதுவரைக்கும் நீங்கள் செய்தது எல்லாமே சரி. நான் சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருப் பக்கம், கெட்ட டிஸ்க்குகளிலிருந்து ஃபைல்களை மீட்கும் வேலையில் இருபது வருடமாக இருக்கிறேன். என்னிடம் வரும் டிஸ்க்குகளில் தானாகக் கெட்டுப்போனவை ஒரு பங்கு என்றால், கெட்டபிறகு ஆளுக்கொரு வைத்தியம் பார்த்துக் கெடுத்தவை இன்னொரு பங்கு.

மகள் மேக்கிலிருந்து படங்களை ஏற்றினார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரி எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிட்டது. டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்க விண்டோஸ்காரர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் என்டிஎஃப்எஸ் முறையில் உங்கள் டிஸ்க் இருந்திருந்தால், தனியாக ஒரு சாஃப்ட்வேர் போடாமல் மேக்கால் அதைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாது. மேக்குக்கே உரிய முறையில் இருந்திருந்தால் உங்கள் விண்டோஸில் இத்தனை நாள் திறந்திருக்காது. இரண்டிலும் படிக்கவும் எழுதவும் முடிந்தது என்றால் அநேகமாக அது எக்ஸ்ஃபேட். மைக்ரோசாஃப்ட் 2006-ல் கொண்டுவந்த முறை, இரண்டு பக்கமும் ஒத்துப்போவதால் கடையில் வாங்கும் நிறைய டிஸ்க்குகளில் இன்று இதுதான் இருக்கிறது. வசதியானதுதான். ஆனால் பாதியில் பிடுங்கினால் தாங்காது.

நீங்கள் ஆசிரியை என்பதால் இப்படிச் சொல்கிறேன். டிஸ்க்கில் உள்ள ஃபைல்களை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் எந்த பெஞ்சில் என்று எழுதி வைத்திருக்கும் பதிவேடு ஒன்று தனியாக இருக்கும். என்டிஎஃப்எஸ், பதிவேட்டைத் திருத்துவதற்கு முன்னால் என்ன திருத்தப்போகிறேன் என்று ஒரு கச்சா நோட்டில் குறித்துக்கொள்ளும். நடுவில் கரண்ட் போனாலும் அந்த நோட்டைப் பார்த்துப் பதிவேட்டைச் சரிசெய்துவிடும். எக்ஸ்ஃபேட்டில் கச்சா நோட்டே கிடையாது. எழுதிக்கொண்டிருந்த கையைத் தட்டிவிட்ட மாதிரி கேபிளைப் பிடுங்கினால், பதிவேடு அரைகுறையாக நிற்கும், 'சரியாக மூடப்படவில்லை' என்ற குறி மட்டும் அதில் இருக்கும். பிள்ளைகள் அத்தனை பேரும் அவரவர் பெஞ்சில்தான் இருக்கிறார்கள். வாசலில் நிற்கும் கம்ப்யூட்டருக்குத்தான் பதிவேடு புரியாமல், இந்த வகுப்பே காலி, புதுப் பதிவேடு போடட்டுமா என்று கேட்கிறது. ஃபார்மட் செய்யவா என்றால் அதுதான் அர்த்தம்.

தெருமுனைக் கடைக்காரர் சொல்வது புதுப் பதிவேடு போட்டுவிட்டு அப்புறம் பிள்ளைகளைத் தேடலாம் என்பது. குவிக் ஃபார்மட் என்றால் தேடினால் பெரும்பாலும் கிடைப்பார்கள், பேரும் பெஞ்சும்தான் போயிருக்கும். ஆனால் குவிக் என்ற அந்த டிக்கை யாராவது தெரியாமல் எடுத்துவிட்டால் போச்சு, விஸ்டா என்ற பழைய பதிப்பின் காலத்திலிருந்தே விண்டோஸின் முழு ஃபார்மட் டிஸ்க் மொத்தத்துக்கும் பூஜ்ஜியம் எழுதுகிறது, அதன்பிறகு 9,000 இல்லை 90,000 கொடுத்தாலும் ஒன்றும் திரும்பாது. டிஸ்க்கைச் சொருகிக்கூடப் பார்க்காமல் விலை சொல்கிற கடையில் எனக்கு நம்பிக்கையும் இல்லை.

அடுத்து செக்டிஸ்க், டிஸ்க்கின் கோளாறைத் தேடித் திருத்தும் விண்டோஸ் கட்டளை. கீழ் வீட்டுப் பையன் நல்லதுக்குத்தான் சொல்கிறான், ஆனால் அந்தக் கட்டளையின் அக்கறை பதிவேடு ஒழுங்காக இருப்பதில்தானே தவிர உங்கள் மணிவிழா வீடியோவில் இல்லை. கணக்குக்குள் வராததை வெட்டும், சேர இடம் தெரியாததை ஃபவுண்ட்.000 என்று ஒரு ஃபோல்டரில் அள்ளிப் போடும். அப்படி ஒரு ஃபோல்டரை, உள்ளே ஆயிரக்கணக்கில் பேரில்லாத துண்டுகளோடு, ஒரு கல்யாண வீடியோகிராஃபர் என் மேஜையில் வைத்துவிட்டு அழாத குறையாக நின்றிருக்கிறார். வேறு காப்பி இல்லாத டிஸ்க்கில் செக்டிஸ்க் வேண்டாம். விண்டோஸே 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று மரியாதையாகக் கேட்டாலும் அது இதுவேதான், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஃப்ரீஸர் கதை ரொம்ப வருடமாகச் சுற்றுகிறது, யாருக்கோ எப்போதோ பலித்திருக்கலாம். ஃபிரிட்ஜிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நங்கநல்லூர் வெயிலில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள், வெளியே எப்படி வேர்க்கிறது? அதே வேர்வை டிஸ்க்குக்குள்ளும் படியும், ஏனென்றால் இந்த வகை டிஸ்க்குகளில் காற்று போய்வர ஒரு சின்னத் துளை உண்டு. உள்ளே சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான், ஒரு தலைமுடியின் தடிமன் அதைப்போல் பத்தாயிரம் மடங்கு இருக்கும். அந்த இடுக்கில் ஒரு சொட்டு ஈரம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வந்த டிஸ்க்குகளில், நனைந்ததை வெயிலில் காயவைத்து கரண்ட் கொடுத்துப் பார்த்தவர்களுடையதைவிட, நனைந்தபடியே கவரில் போட்டுக் கொண்டுவந்தவர்களுடையதில்தான் எனக்கு நிறைய மிஞ்சியது.

சரி, என்ன செய்வது?

முதலில் அந்த 'டுடுங்' சத்தத்தை நம்பாதீர்கள். எக்ஸ்டர்னல் டிஸ்க் என்பது பெரும்பாலும் ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கும், அதை யுஎஸ்பி-க்கு மாற்றித் தரும் ஒரு குட்டி போர்டும் ஒரே டப்பாவில் இருப்பது. கம்ப்யூட்டருக்கு வணக்கம் சொல்வது அந்த போர்டு. உள்ளே டிஸ்க் செத்துக் கிடந்தாலும் போர்டு வணக்கம் சொல்லும், விளக்கும் எரியும். டிஸ்க் திறப்பது, அதாவது மவுண்ட் ஆவது என்று நாங்கள் சொல்வது, கடைசிப் படி. கரண்ட் போதுமான அளவு வர வேண்டும், தட்டு சுழல வேண்டும், ஹெட் படிக்க வேண்டும், டிஸ்க்கின் அளவு சரியாகத் தெரிய வேண்டும், பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்கில் பிரித்து வைத்த பகுதி, தெரிய வேண்டும், அப்புறம்தான் பதிவேடு. உங்களுடையது எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியாமல் வைத்தியம் செய்யக் கூடாது.

அதனால் இன்று ராத்திரி டிவி எல்லாம் அணைத்தபிறகு டிஸ்க்கைச் சமமான மேஜையில் வைத்துச் சொருகுங்கள், காதைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். மெல்ல ஒரு 'உய்ய்' என்று எழும்பி அப்புறம் ஒரே சீராக ஓடினால் நல்லது. டிக்... டிக்... டிக்... என்று ஒரே தாளத்தில் தட்டினால் ஹெட் இடம் தெரியாமல் தடுமாறுகிறது, உடனே கழற்றிவிடுங்கள், இன்னொரு தடவை பார்க்கலாமே என்ற ஆசையே வேண்டாம், ஒவ்வொரு தடவையும் தட்டில் கீறல் விழலாம். பீப் மாதிரி சன்னமாக முனகினால் மோட்டார் சுற்ற முயன்று முடியாமல் நிற்கிறது. கரண்ட் போதாமல் இருக்கலாம், ஹெட் தட்டில் ஒட்டிக்கொண்டும் இருக்கலாம். சத்தமும் இல்லை, கையில் அதிர்வும் இல்லை என்றால் கேபிள் அல்லது போர்டு.

கேபிளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ரெக்கவரி என்று பதறிக்கொண்டு வந்து கேபிளை மாற்றிக்கொண்டு சிரித்தபடி போனவர்கள் நிறைய. 2017-ல் வாங்கியது என்றால் டிஸ்க் பக்கத்தில் அகலமாக, இரண்டு துண்டாகப் பிரிந்த மாதிரி ஒரு பின் இருக்கும். அது சீக்கிரம் லூஸ் ஆகும். அதே வகையில் நீளம் குறைந்த புதுக் கேபிள் ஒன்று வாங்கிப் பாருங்கள். கடைக்குப் போக முடியாவிட்டால் ஒரு குறுக்கு வழி: அந்த அகலமான துளையின் பெரிய பாதியில் பழைய ஆண்ட்ராய்டு போனின் டேட்டா கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், வேகம் குறையுமே தவிர வேலை செய்யும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளாக இருந்தால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது, போனிலிருந்து படம் மாற்றப் பயன்படுத்திய கேபிளாகப் பாருங்கள். லேப்டாப்பில் நேரடியாகச் சொருகுங்கள், நடுவில் ஹப் வேண்டாம். சாதாரண யுஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான், யுஎஸ்பி 3 என்றால் 900. உங்கள் டிஸ்க் சுற்றத் தொடங்கும் நொடியில் இழுப்பது இதற்குப் பக்கத்தில் வரும், சமயத்தில் தாண்டும். பழைய லேப்டாப்பின் வலது பக்கத்தில் ஓடாத டிஸ்க் இடது பக்கத்தில் ஓடுவதெல்லாம் இதனால்தான்.

சத்தம் சீராக இருக்கிறது, கேபிளும் மாற்றியாயிற்று, இன்னும் திறக்கவில்லை என்றால் விண்டோஸின் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போங்கள். போனதும் 'இனிஷியலைஸ் டிஸ்க்' என்று ஒரு பெட்டி எழுந்தால் மூடிவிடுங்கள், அதுவும் டிஸ்க்கில் எழுதும் வேலைதான். கீழே உங்கள் டிஸ்க் இருக்கும் வரிசையைப் பாருங்கள். 931 ஜிபி என்று காட்டினால் சந்தோஷப்படுங்கள், உங்கள் 1 டிபி-யை விண்டோஸ் அப்படித்தான் எண்ணும், ஏமாற்றவில்லை. அளவு சரி, பக்கத்தில் டி, இ மாதிரி டிரைவ் எழுத்து மட்டும் இல்லை என்றால் ரைட் கிளிக் செய்து ஒரு எழுத்து கொடுத்தால் அப்படியே திறந்துவிடும், அவ்வளவுதான் நோய். அளவு சரி, 'ரா' என்று எழுதியிருக்கிறது என்றால் பதிவேட்டுக் கோளாறு, நான் நினைப்பது இதைத்தான். அளவே வராவிட்டாலோ சம்பந்தமில்லாத எண் வந்தாலோ டிஸ்க்கின் உள்ளேயே கோளாறு, அங்கேயே நிறுத்துங்கள்.

931-ம் 'ரா'-வும் வந்தால், கீழ் வீட்டுப் பையனைக் கூப்பிட்டு 'கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' போடச் சொல்லுங்கள். இலவசம், டிஸ்க்கில் உள்ள ஃபைல் எதையும் தொடாமல் அதன் ஜாதகத்தை மட்டும் படிக்கும். நீலம் என்றால் நல்லது. மஞ்சள் என்றால் பேட் செக்டார், அதாவது படிக்க முடியாமல் கெட்டுப்போன இடங்கள், தொடங்கிவிட்டது, சி5, சி6 என்ற இரண்டு வரியில் பூஜ்ஜியம் தவிர வேறு எண் இருக்கிறதா என்று பார்க்கட்டும், இருந்தால் வீட்டில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு எதுவும் செய்ய வேண்டாம்.

எல்லாம் நீலமாக இருந்தால், இந்த நோய் எங்கே வந்ததோ அங்கேதான் மருந்து. டிஸ்க்கை மறுபடியும் மகளின் மேக்கில் சொருகிவிட்டுப் பொறுமையாக இருக்க வேண்டும். பலரும் தப்பு செய்வது இங்கேதான். சரியாக மூடாத எக்ஸ்ஃபேட் டிஸ்க்கைப் பார்த்தால் மேக் யாரிடமும் சொல்லாமல் பின்னால் உட்கார்ந்து பதிவேட்டைச் சரிபார்க்கத் தொடங்கும், முடிகிற வரை டிஸ்க்கைக் காட்டாது. நிறைய ஃபைல் உள்ள டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஆகும். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திறக்கவில்லையே என்று மறுபடியும் பிடுங்கினால் மறுபடியும் முதலிலிருந்து. மேக்கில் என்னென்ன வேலை ஓடுகிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரைத் திறந்து தேடும் இடத்தில் எஃப், எஸ், சி, கே என்ற நான்கு எழுத்தைப் போட்டால் அந்த வேலை நடந்துகொண்டிருப்பது தெரியும். சார்ஜரைச் சொருகி, மேக் தூங்காதபடி வைத்து, ஒரு ராத்திரி விட்டுவிடச் சொல்லுங்கள். காலையிலும் அப்படியே நின்றால் ஆக்டிவிட்டி மானிட்டரிலேயே அந்த வேலையை நிறுத்திவிடலாம். பெரும்பாலும் டிஸ்க் உடனே எட்டிப்பார்க்கும், எழுத முடியாமல் படிக்க மட்டும் முடிகிற நிலையில். நமக்கு வேண்டியதும் அதுதான். டிஸ்க்கைத் திருத்தப் பார்க்கும் மேக்கின் 'ஃபர்ஸ்ட் எய்ட்' பட்டன் பக்கம் மட்டும் காப்பி எடுத்து முடிக்கும்வரை போக வேண்டாம்.

திறந்ததும் பத்திரங்களின் ஸ்கேனை முதலில் எடுங்கள், சின்ன ஃபைல், நிமிடத்தில் முடியும். அடுத்து பேத்தி. மணிவிழா வீடியோ கடைசியில், அது எப்படியும் பல ஜிபி இருக்கும், நடுவில் டிஸ்க் மக்கர் செய்தாலும் மற்றது கைக்கு வந்திருக்கும். எடுத்து வைக்கப் புதிதாக ஒரு டிஸ்க் வேண்டும், அதற்கு நாத்தனார் மகனை அனுப்புங்கள். நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கலாம், அங்கிருந்து ரிச்சி தெரு நடக்கிற தூரம். அந்தக் கேபிளையும் அங்கேயே வாங்கிவிடலாம்.

மேக்கிலும் திறக்கவில்லை என்றால் 'டெஸ்ட்டிஸ்க்' என்று இன்னொரு இலவச சாஃப்ட்வேர் இருக்கிறது. எக்ஸ்ஃபேட் தன்னுடைய முதல் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்துப் பக்கத்திலேயே வைத்திருக்கும், அந்த நகலை எடுத்துத் திரும்ப ஒட்ட இதற்குத் தெரியும். கருப்புத் திரையில் அம்புக்குறி பட்டனை வைத்து ஓட்ட வேண்டும், ஒரு பட்டன் தவறினால் டிஸ்க்கில் எழுதிவிடும் என்பதால் இதைக் கற்றுக்கொள்ள உங்கள் டிஸ்க் தோதான இடமில்லை. தெரிந்தவர்களிடம் கொடுங்கள். அவர்களும் முதலில் டிஸ்க் முழுவதையும் செக்டார் செக்டாராக இன்னொன்றில் குளோன், அதாவது அச்சு அசல் நகல், எடுத்துவிட்டு, குளோனில்தான் கை வைக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் கடைசியாக 'ஃபோட்டோரெக்', படங்களை அவற்றின் உருவத்தை வைத்தே பொறுக்கி எடுக்கும், ஆனால் பேரும் ஃபோல்டரும் வராது, பத்தாயிரம் படம் எண் போட்டுக் குவியலாகக் கிடைக்கும்.

கடைக்குப் போகிற நிலை வந்தால், குளோன் எடுத்துத்தான் வேலை செய்வீர்களா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்கு வருகிற முகபாவமே போதும். பணம் கொடுப்பதற்கு முன் கிடைத்த ஃபைல்களின் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள், ரசீதில் டிஸ்க்கின் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். அதே மாடல் டிஸ்க்கிலிருந்து, யுஎஸ்பி போர்டு அல்ல, டிஸ்க்கின் சொந்த போர்டைக் கழற்றி மாட்டிப் பார்க்கிறேன் என்பவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதனதன் அளவுகள் அந்த போர்டில் உள்ள ஒரு சிப்பில் தனியாக எழுதப்பட்டிருக்கும், சிப்பையும் சேர்த்து மாற்றாமல் பெரும்பாலும் ஓடாது. டப்பாவை உடைத்து நேரடியாகக் கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிறேன் என்பதற்கும் சட்டென்று தலையாட்ட வேண்டாம். சில மாடல்களில் நீங்கள் பாஸ்வேர்டே போடாவிட்டாலும் அந்தக் குட்டி யுஎஸ்பி போர்டுதான் எல்லாவற்றையும் பூட்டி எழுதியிருக்கும், அது இல்லாமல் படித்தால் வெறும் குப்பையாகத் தெரியும்.

ஒன்று விட்டுப்போனது. கேபிளைப் பிடுங்கிய நேரத்தில் எழுதிக்கொண்டிருந்த படங்கள்தான் சேதமாகியிருக்க அதிக வாய்ப்பு, அதாவது பொங்கலுக்கு மகள் ஏற்றிய படங்கள். அவற்றின் அசல் இன்னும் அவர் மேக்கிலோ போனிலோ இருக்கும். அம்மாவின் டிஸ்க்கில் ஏற்றியாயிற்றே என்று இடத்துக்காக அழித்துவிடப் போகிறார். காது வைத்துக் கேட்பதெல்லாம் ராத்திரி பார்த்துக்கொள்ளலாம், முதலில் கோவைக்கு ஒரு போன் போடுங்கள் டீச்சர்.